வட்டுக்கோட்டைச் செமினரி: பாடமும் வாழ்வும்

கல்விக்கூடம் ஒன்றை மதிப்பிட முற்படுவோர் முதலில் அதன் பாடப்பட்டியலைக் கையில் எடுப்பது வழக்கம். பட்டியல் நீண்டிருந்தால் கல்வி சிறந்தது என்று முடிவு கட்டிவிடுவதும் உண்டு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றி எழுந்த புகழுரைகள் பலவும் இம்முறையைப் பின்பற்றியவையே. 1823ஆம் ஆண்டு முதல் 1855ஆம் ஆண்டு வரை முப்பத்திரண்டு ஆண்டுகளே நடைபெற்ற அந்தக் கிறித்தவக் கல்விநிலையம் கற்பித்த பாடங்களின் விரிவைக் கண்டு வியந்தவர் பலர். இலங்கையில் ஆங்கில அரசின் செயலாளராக இருந்த எமர்சன் தென்னந்து, 1850இல் வெளியிட்ட நூலில், அது புகட்டிய அறிவின் பரப்பால் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது என்னும் கருத்துப்பட எழுதினார். அன்று தொட்டு அந்தப் பாராட்டே திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு வருகிறது.

பாராட்டு பொய்யன்று. ஆயினும் அது முழுமை பெற்ற மதிப்பீடு ஆகாது. மாணவனிடம் ஒரு நிலையம் எதைக் கேட்டது என்பதோடு, அவனை எவ்வாறு வாழ வைத்தது என்பதையும், அந்நிலையம் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி அதன் ஆக்கமும் அழிவும் விளங்கா.

இவ்வாராய்ச்சி யாழ்ப்பாணத்தார்க்கு மட்டும் உரியதன்று. நெகிரி செம்பிலானில், சிரம்பானைச் சேர்ந்த லோபாக்கில் தமிழ்ப்பள்ளி உண்டு. சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்திலும் தமிழ் கற்பிக்கும் பொறுப்பை அப்பகுதிப் பள்ளிகள் சுமந்து நிற்கின்றன. 1979இல் தொடங்கப்பெற்ற மலேசிய இறையியல் கல்லூரியும் இன்று அதே சிரம்பானில்தான் இயங்குகிறது. தமிழ்ப்பள்ளியும் சமயக் கல்லூரியும் அருகருகே நிற்கும் ஊரில், அவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்த்த பழைய முயற்சி ஒன்றின் வரலாறு எண்ணிப் பார்த்தற்குரியது.

கேட்ட கல்வி

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். ஊர்ப்பள்ளிகளையும் உண்டுறைப் பள்ளிகளையும் நிறுவியபின், 1823இல் தமிழ் இளைஞர்க்கும் பிறர்க்கும் இலக்கியக் கல்வியும் சமயக் கல்வியும் அளிக்கும் கல்லூரி ஒன்றுக்கான திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டனர். அமெரிக்கர் நடத்தும் நிலையத்துக்குக் கல்லூரி என்ற தகுதியை அளிக்க ஆங்கில அரசு இசையவில்லை. ஆகவே செமினரி என்னும் பெயரோடே அது தொடங்கியது. முதல் தலைவர் தானியேல் பூர். அவருக்குப்பின் 1836 முதல் ஹென்றி ஹொய்சிங்டன் பொறுப்பேற்றார்.

சமயப் பணியாளரை உருவாக்கும் நிலையம் விவிலியத்தையும் அதன் விளக்கத்தையும் கற்பித்தலில் வியப்பு எதுவும் இல்லை. இச்செமினரி அவ்வளவில் நிற்கவில்லை என்பதே நோக்கத்தக்கது. கணிதம், வானநூல், இயற்கை விஞ்ஞானம், தருக்கம் ஆகியவை ஆங்கிலத்தின் வழியே கற்பிக்கப்பட்டன. அதே மாணவன் நன்னூலையும் திருக்குறளையும் பயிலவேண்டும் என்றும் எதிர்பார்க்கப்பட்டது. வடமொழிக்கும் இடம் இருந்தது. கிறித்தவத்தைப் பரப்ப வந்தோர், தம் சமயத்தைச் சாராத ஒரு மொழியின் இலக்கண இலக்கியங்களைத் தம் மாணவர்க்குக் கட்டாயப் பாடமாக்கினர் என்பது அக்காலத்தில் துணிந்து செய்த செயலாகும். நாட்டு இலக்கியம் அறியாத போதகன் நாட்டாரிடம் பேசத் தகுதியற்றவன் என்பது அவர்கள் கணிப்பு. தமிழைப் பேணுவது அவர்களின் முதல் நோக்கமாக இல்லாதிருக்கலாம். எனினும் நோக்கத்தைக் காட்டிலும் விளைவு பெரிதாயிற்று.

இவ்விரு கல்விகளும் ஒரே மாணவனிடத்தில் சந்தித்தமையால் என்ன நேர்ந்தது என்பதற்கு வானநூல் நல்ல சான்று. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றிப் பஞ்சாங்கக் கணிப்பு ஒன்றாகவும் பூரின் கணிப்பு வேறாகவும் இருந்தன. ஊரார் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தனர். பூரின் கணிப்பே நிகழ்ச்சியோடு ஒத்தது. இதனை ஒரு சமயத்தின் வெற்றியாகப் பேசியோர் உண்டு. ஆனால் செமினரி அதோடு அமைதி அடையவில்லை. பஞ்சாங்கம் கணிக்கும் முறை யாது, அதன் அடிப்படை யாது என்று ஆராயவும் புகுந்தது. ஹொய்சிங்டன் கீழைநாட்டு வானநூல் முறையை விளக்கும் நூல் ஒன்றை 1848இல் வெளியிட்டார். அவரே சிவஞான போதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகிய சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அப்பெயர்ப்பு 1854இல் அமெரிக்காவில் கீழைநாட்டு ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. எதிர்த்துப் பேச வந்தவர் கற்றுக்கொள்பவராகவும் ஆனார். ஆசிரியரிடம் காணப்பட்ட இம்மனப்போக்கே அந்நிலையத்தை முற்போக்குடையது என்று கூறுவதற்கு உரிய முதற்காரணம் எனலாம்.

மாணவர் கையால் விளைந்தவை இன்னும் சிறந்த சான்றுகள். 1841இல் தோன்றிய உதயதாரகை என்னும் இதழின் ஆசிரியர் இருவரும் செமினரியில் கற்றவர்கள். நெவின்சு சிதம்பரப்பிள்ளை தருக்கத்தைத் தமிழில் நியாய இலக்கணம் என்ற நூலாக அமைத்தார். கறல் விசுவநாதபிள்ளை அல்ஜிப்ராவை வீசகணிதம் என்ற பெயரில் தமிழாக்கித் தந்தார். செய்யுளுக்கே பெருமை இருந்த காலத்தில், கணக்கையும் தருக்கத்தையும் உரைநடையில் விளக்கும் தமிழ் இவர்கள் கையில் பழகியது. கலைச்சொல் ஆக்கத்தைப் பற்றி இன்று பேசுவோர் பலர், அது நேற்றுத் தொடங்கிய முயற்சி என்று கருதுகின்றனர். ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டிய நிலையில் ஒரு மாணவனை வைத்தால் கலைச்சொல் தானே பிறக்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வட்டுக்கோட்டை காட்டிவிட்டது.

இவர்களுள் தமிழுலகம் என்றும் மறக்கலாகாதவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1832இல் பிறந்து 1901இல் மறைந்த அவர், செமினரியில் கற்றுத் தேறியபின், 1857இல் விசுவநாதபிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தார். வீரசோழியம், கலித்தொகை முதலிய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்து அழியாமற் காத்தார். பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு நோக்குதல், காலத்தை ஆராய்தல், பதிப்புரையில் காரணம் காட்டுதல் ஆகிய பழக்கங்கள் அவர் பதிப்புகளில் விளங்குகின்றன. தமிழ்ப் பயிற்சியோடு கணிதமும் தருக்கமும் கற்ற மனத்துக்கே அவை எளிதில் வாய்க்கும். இன்று தமிழாசிரியர் வகுப்பில் விரிக்கும் பழந்தமிழ் நூலின் பின்னே அந்தச் செமினரியின் பாடத்திட்டமும் ஒரு சிறு பங்காக நிற்கிறது.

வாழ்ந்த வாழ்வு

பாடத்தை விட்டு வாழ்வுக்கு வரும்போது புகழுரை தயங்குகிறது. செமினரி மாணவன் வீட்டைவிட்டு வந்து உண்டுறைந்து கற்றான். உணவும் உடையும் கல்வியும் பெரும்பாலும் கடல் கடந்த நாட்டினரின் கொடையால் நடைபெற்றன. ஒரு சிறுவனைப் படிக்கவைக்கப் பணம் அனுப்பிய அமெரிக்கர், தாம் விரும்பிய பெயரை அவனுக்கு இடும் வழக்கமும் இருந்தது. சதாசிவம் என்ற சிறுவன் ஆர்னல்ட் ஆனான். விசுவநாதன் கறல் ஆனான். சிதம்பரம் நெவின்சு ஆனான். யாரென்று அறியாத ஒருவரின் நினைவைத் தன் பெயராகச் சுமக்கவேண்டியதும் அங்குப் பயில்வதற்குரிய ஒரு நிபந்தனையாயிற்று. பாடப்பட்டியலில் எழுதப்படாத நிபந்தனை அது.

பெயரைத் துறக்கச் சொன்ன நிலையம் மொழியைத் துறக்கச் சொல்லவில்லை. இதுவே அதன் வாழ்வில் காணப்படும் பெரிய முரண்பாடு. சதாசிவம்பிள்ளை என்னும் ஆர்னல்ட், தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்து 1886இல் பாவலர் சரித்திர தீபகம் வெளியிட்டார். வேற்றுப் பெயரை ஏற்ற ஒருவர் நம் புலவர்களின் பெயர்களை மறவாமற் காத்தார். அவரைப் போன்றோர் இரு பெயர்களையும் விடாது சேர்த்தே வழங்கினர் என்பதும் கருதத்தக்கது. நிலையம் ஒன்றைக் கொடுத்தது. வீடு மற்றொன்றைக் கொடுத்தது. இரண்டையும் வைத்துக்கொண்டதில் அம்மாணவரின் தனித்தன்மை தெரிகிறது.

இன்னும் இரண்டு குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. முதலாவது, சாதி. சமயத்தின் முன்னே யாவரும் சமம் என்று போதித்த நிலையத்தில் பயின்றோர் பெரும்பாலும் வேளாளர் குடியினரே. உயர்நிலையில் வைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளைப் பெறவேண்டும் என்ற ஆவலால், உண்பதிலும் உறைவதிலும் ஊர்வழக்கத்துக்கு மிசனரிமார் பலவிடங்களில் விட்டுக்கொடுத்தனர். தமிழும் கணிதமும் எல்லார்க்கும் பொது என்று நூலில் எழுதியிருந்தாலும் வகுப்பில் அமர்ந்தவர் எல்லாரும் அல்லர். இரண்டாவது, பெண்கல்வி. 1824இல் உடுவிலில் பெண்களுக்கு உண்டுறைப் பள்ளி ஏற்பட்டது பாராட்டத்தக்கதே. ஆயினும் செமினரியின் உயர்கல்வி ஆண்மக்களுக்கே உரியதாக இருந்தது. பாடத்திட்டத்தின் விரிவை அளப்போர் அப்பாடம் யாரை எட்டியது என்பதையும் அளத்தல் வேண்டும்.

சமய வாழ்விலும் எதிர்பாராத விளைவு ஒன்று உண்டாயிற்று. வேண்டுதலும் விவிலியப் படிப்பும் நாள்தோறும் நடந்த நிலையத்தில் கற்ற தாமோதரம்பிள்ளை, பிற்காலத்தில் சைவராகவே வாழ்ந்து சைவ மகத்துவம் என்னும் நூலும் எழுதினார். அவர் மகன் அழகசுந்தரமோ பிரான்சிசு கிங்சுபெரி என்னும் பெயரில் கிறித்தவப் போதகராகவும் தமிழறிஞராகவும் விளங்கினார். ஆராயக் கற்றுக்கொடுத்த கல்வி, ஆராய்ந்து எங்குச் சென்று சேர்வது என்பதை மாணவனிடமே விட்டுவிட்டது. கல்வியின் பக்கம் நின்று பார்த்தால் இது வெற்றி. பணம் அனுப்பியவர் பக்கம் நின்று பார்த்தால் இது தோல்வி.

மூடிய கதவு

இந்தத் தோல்விக் கணக்கே இறுதியில் செமினரியை மூடியது. அமெரிக்க மிசன் சங்கத்தின் செயலாளர் ரூபசு அண்டர்சன் 1855இல் இலங்கைக்கு வந்து பார்வையிட்டார். ஆங்கிலம் கற்ற மாணவர் அரசுப் பணியை நாடிச் செல்கின்றனர், போதகராக வருவோர் குறைவு என்பது அவர் கண்ட குறை. நாட்டு மொழியில் போதிப்பதே மிசன் பணி, ஆங்கிலக் கல்வி அதற்குத் தடை என்பது அவர் கொள்கை. அவ்வாண்டிலேயே செமினரி நிறுத்தப்பட்டது.

அண்டர்சன் கண்ட குறை கற்பனையன்று. 1833ஆம் ஆண்டின் ஆட்சிச் சீர்திருத்தத்துக்குப்பின் ஆங்கிலம் அறிந்த நாட்டவர்க்கு அலுவலகங்கள் திறந்துகொண்டன. இளைஞர் கூட்டம் அங்கே திரும்பியது. தமிழ்ப்பற்று உடையவர் சிலர், நாட்டு மொழியை உயர்த்தும் பொருட்டு ஆங்கிலப் பள்ளியை மூடினார் என்று அண்டர்சனைப் பாராட்டவும் கூடும். அங்கேதான் கவனம் வேண்டும். அவர் கேட்ட தமிழ், போதனைக்குப் போதுமான தமிழ். செமினரி வளர்த்த தமிழோ, வீசகணிதமும் நியாயமும் பேசத் தொடங்கிய தமிழ். தமிழின் பெயராலேயே, தமிழும் புதிய அறிவும் சந்தித்த இடம் மூடப்பட்டது. மொழிக்கு ஆதரவாக எழும் குரல் எதுவாயினும், அது மொழியை எந்த அளவுக்கு வளரவிட எண்ணுகிறது என்று கேட்பது அறிவுடைமை.

மூடுவதா நடத்துவதா என்ற முடிவில் வட்டுக்கோட்டையார்க்கோ பழைய மாணவர்க்கோ பங்கு இருக்கவில்லை. பணமும் நிலமும் பிறருடையவை. ஆதலின் அளவுகோலும் பிறருடையதே ஆயிற்று. அதே ஊரில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, செமினரியில் கற்ற உள்ளூர்க் கிறித்தவரின் விருப்பமும் முயற்சியும் அதன்பின் நின்றன. முன்னதற்கு இல்லாத வேர் பின்னதற்கு ஓரளவேனும் வாய்த்தது. இதற்கு முன்னரே, 1848இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிசன் பள்ளிகளின் வகுப்பு முறையையும் அச்சுப்புத்தகப் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஊரார் கையில் ஒப்படைத்தார். கற்பிக்கும் முறையை மாற்றார் தரலாம். கல்விநிலையம் மட்டும் உரியவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதை நாவலர் உணர்ந்திருந்தார்.

மதுரையில் மாறிய தேர்வு

செமினரி மூடி ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1969இல், மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி எழுந்தது. நெல்லை நாட்டுத் திருமறையூரில் நடந்து வந்த பயிற்சி நிலையமும் லுத்தரன் சபையாரின் தமிழ்வழிப் பயிற்சியும் ஒன்றாகி இது அமைந்தது. இறையியலைத் தமிழிலேயே கற்றுப் பட்டம் பெறலாம் என்ற நிலையை அது உறுதிப்படுத்தியது. தொடக்கக் காலத்தில் முதல்வராக இருந்த சாமுவேல் அமிர்தம், பின்னர் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியல் கல்விப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார்.

வட்டுக்கோட்டையோடு ஒப்பிடத்தக்கது அதன் வாழ்வுப் பகுதி. மாணவரை வீட்டிலிருந்து பிரித்து வளாகத்துக்குள் வைத்தது பழைய முறை. மதுரையோ மாணவரை வளாகத்தினின்றும் வெளியே அனுப்பிற்று. நகரத்துச் சேரிகளிலும் கிராமங்களிலும் ஏழை மக்களோடு தங்கி வாழ்தலைப் பயிற்சியின் பகுதியாக்கியது. சமுதாயத்தை ஆராயும் கல்வி பாடத்தில் சேர்ந்தது. 1989இல் தலித் ஆதார மையம் ஏற்பட்டது. வட்டுக்கோட்டை விட்டுக்கொடுத்த சாதிச் சிக்கல், மதுரையில் பாடமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலசு அப்பாவு இதனைத் தமிழிசையிலும் செய்து காட்டினார். பரட்டை என்ற பெயரால் அறியப்பட்ட அவர், கீர்த்தனை மரபே கோயில் இசை என்று பழகிய திருச்சபைக்கு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்துத் தந்தார். பயிற்சி பெற்ற சிலரே பாடும் பாட்டுக்கு மாறாக, வயலில் வேலை செய்வோரும் உடனே சேர்ந்து பாடும் பாட்டு அது. யாருடைய தமிழ் வழிபாட்டுக்கு உரியது என்ற கேள்வியை அப்பாவு எழுப்பினார். யாருடைய தமிழ் பாடநூலுக்கு உரியது என்று தமிழாசிரியரும் கேட்டுக்கொள்ளலாம்.

எனினும் மதுரையைப் புகழ்ந்து வட்டுக்கோட்டையைத் தள்ளுவதும் நேரிய மதிப்பீடு ஆகாது. மக்களோடு வாழ்தல் ஒரு தகுதி. கணிதம் கற்றுத் தருக்கம் கற்று நன்னூலும் கற்றுத் தேறுதல் மற்றொரு தகுதி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வாழ்வுப் பயிற்சி மிகுந்து நூற்பயிற்சி குறையுமாயின் இரக்கம் இருக்கும், தெளிவு இராது. நூற்பயிற்சி மிகுந்து வாழ்வு பிரியுமாயின் தெளிவு இருக்கும், அது யாருக்கும் பயன்படாது. முன்னோர் இருவேறு காலங்களில் தனித்தனியே செய்து காட்டியவற்றை ஒருங்கே செய்தல் பின்வந்தோர் கடன்.

சிரம்பானுக்கு உரிய பாடம்

செமினரியும் அதன் வழிவந்த பள்ளிகளும் பரப்பிய ஆங்கிலக் கல்வி மலாயாவையும் எட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் நாடுகளில் இருப்புப்பாதைகளும் அரசு அலுவலகங்களும் பெருகின. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த பாதை 1891இல் திறக்கப்பட்டது. எழுத்தரும் நிலைய அதிபரும் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து மிசன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர் பலர் இப்பணிகளுக்கு வந்தனர். அதே காலத்தில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் தோட்டங்களுக்கு வந்தனர். அலுவலகத்தில் ஒரு தமிழர், பால்மரத்தடியில் ஒரு தமிழர். இருவர் மொழியும் ஒன்று. இருவர் பெற்ற கல்வியோ மலையும் மடுவும்.

தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிக்குச் சட்டம் வழிசெய்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைத்தல் வேண்டும் என்று விதித்தது. பள்ளி வந்தது. ஆனால் கட்டடம் தோட்டத்தாருடையது, நிலம் தோட்டத்தாருடையது, கற்பிக்கத் தகுதியுடைய ஆசிரியர் வாய்ப்பதோ அரிது. எழுத்தும் கணக்கும் ஓரளவு தெரிந்தால் போதும், பிள்ளை மீண்டும் மரத்தடிக்கே வந்துவிடவேண்டும் என்பது பல இடங்களில் எதிர்பார்ப்பாயிற்று. அண்டர்சன் கேட்ட போதுமான தமிழ் இங்கே வேறு வடிவில் தோன்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும் பள்ளியின் நிலை ஆட்டங்கண்டது. நிலம் தனதல்லாத பள்ளி முழு அரசு உதவியைப் பெறுவதிலும் இடர்ப்பட்டது. வட்டுக்கோட்டையில் 1855இல் நேர்ந்தது நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஆரவாரமின்றிப் பலமுறை நேர்ந்தது.

ஆகவே செமினரியின் வரலாறு சிரம்பான் வட்டாரத்துத் தமிழாசிரியர்க்கு மூன்று கேள்விகளைத் தருகிறது. மாணவனிடம் எவ்வளவு உயர்ந்த தமிழைக் கேட்கிறோம்? கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழில் சொல்லிக்காட்டும் ஆற்றலைக் கேட்கிறோமா, அல்லது தேர்வுக்குப் போதுமான தமிழோடு நின்றுவிடுகிறோமா? அவன் வீடும் பெயரும் ஊரும் வகுப்பறைக்குள் இடம்பெறுகின்றனவா? பள்ளியின் நன்மை தீமைகளை முடிவு செய்யும் இடத்தில் பெற்றோரும் பழைய மாணவரும் இருக்கின்றனரா?

இதே கேள்விகள் இறையியல் கல்லூரிக்கும் பொருந்தும். தமிழ்ச் சபைக்குப் போதகராக வருபவர் திருக்குறளையும் நன்னூலையும் கற்றிருத்தல் வேண்டும் என்று 1823இல் அயல்நாட்டார் எண்ணினர். அவர் சேரியில் தங்கி வாழ்ந்திருத்தல் வேண்டும் என்று 1969க்குப்பின் மதுரையார் எண்ணினர். தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களிடையே பணி செய்ய வருபவர்க்கு இவ்விரண்டில் எதனைத் தள்ளிவிட முடியும்?

வட்டுக்கோட்டைச் செமினரி மாணவர்க்குப் புதிய பெயர்களை இட்டது. அப்பெயர்களை அனுப்பிய கொடையாளரை இன்று யாரும் நினைப்பதில்லை. நன்னூலும் வீசகணிதமும் சேர்ந்து பயின்ற அம்மாணவர் செய்த நூல்களே எஞ்சி நிற்கின்றன. கல்விநிலையம் எதனை விட்டுச்செல்லும் என்பதை அதனை நடத்துவோரின் எண்ணம் மட்டும் முடிவு செய்வதில்லை. கற்றோர் அதனைத் தம் மொழியில் என்ன ஆக்குகின்றனர் என்பதே முடிவு செய்கிறது. அந்த ஆக்கத்துக்கு இடந்தரும் பள்ளியைத் தம் கையில் வைத்துக் காத்தல் தமிழர் கடமையாகும்.